பள்ளி மாணவர்களின் வாகனங்களை எங்கே நிறுத்துவது? இடப் பற்றாக்குறைக்குத் தீர்வு சட்டத்திலும் பேருந்து நேரத்திலும் இருக்கிறது

புது தில்லி: நாட்டின் பெரும்பாலான நகரங்களில் மேல்நிலைப் பள்ளிகளின் வாயிலில் ஓர் அறிவிப்புப் பலகை தொங்குகிறது. மாணவர்கள் இருசக்கர வாகனத்தில் வரக் கூடாது என்று அது கூறுகிறது. அதே பள்ளியிலிருந்து இருநூறு அடி தள்ளியுள்ள தெருவில், தேநீர்க் கடையின் ஓரத்திலும் வீடுகளின் வாசலிலும் மாணவர்களின் ஸ்கூட்டர்கள் வரிசையாக நிற்கின்றன. வளாகத்துக்குள்ளோ மிதிவண்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடக்கின்றன. ஆசிரியர்களின் கார்கள் விளையாட்டுத் திடலின் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்கின்றன.

இதைப் பலரும் இடப் பற்றாக்குறை என்றே குறிப்பிடுகின்றனர். பெற்றோர் கூட்டங்களில் கூடுதல் நிறுத்துமிடம் கேட்கப்படுகிறது. பள்ளி நிர்வாகங்கள் நிலம் இல்லை எனக் கூறுகின்றன. தெருவில் குடியிருப்போர் காவல் நிலையத்தில் புகார் அளிக்கின்றனர். ஆனால் எந்த வாகனத்துக்கு இடம் தர வேண்டும், எந்த வாகனத்துக்குத் தரக் கூடாது, தராதபோது அந்த மாணவர் எப்படிப் பள்ளிக்கு வருவார் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கண்ட பிறகே எத்தனை சதுர மீட்டர் தேவை என்பது தெளிவாகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 4-ஆவது பிரிவின்படி, 18 வயது நிறைவடையாத எவரும் பொது இடத்தில் மோட்டார் வாகனம் ஓட்டக் கூடாது. இதற்கு ஒரு விலக்கு உண்டு. 16 வயது நிறைவடைந்தவர் 50 சிசிக்கு மிகாத எஞ்சின் திறன் கொண்ட மோட்டார் சைக்கிளை உரிமம் பெற்று ஓட்டலாம். 18 வயதுக்குட்பட்டவர் பழகுநர் உரிமம் பெற வேண்டுமானால் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் தேவை.

சட்டம் இயற்றப்பட்ட காலத்தில் 50 சிசி மொபெட்டுகள் தெருவெங்கும் ஓடின. எனவே அந்த விலக்குக்குப் பொருள் இருந்தது. இன்று பரவலாக விற்பனையாகும் பெட்ரோல் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 100 சிசிக்கு மேற்பட்டவை. வீட்டில் நிற்கும் சாதாரண ஸ்கூட்டரைப் பதினாறு வயது மாணவர் ஓட்டினால், அவர் கையில் எந்த உரிமம் இருந்தாலும் அது இந்த விலக்கினுள் அடங்காது. பல குடும்பங்களுக்கு இது தெரிவதில்லை. கியர் இல்லாத வண்டி என்றால் பதினாறு வயதில் ஓட்டலாம் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. சட்டம் கணக்கில் கொள்வது எஞ்சின் திறனையே.

பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களில் பெரும்பாலோர் அக்கல்வியாண்டின் பெரும்பகுதியில் 17 வயதினராகவே இருப்பர். ஆகவே ஒரு மேல்நிலைப் பள்ளிக்கு வரும் மாணவர் ஸ்கூட்டர்களில், சட்டப்படி ஓட்டத் தகுதி பெற்றவர்களுடையவை மிகச் சிலவாகவே இருக்கும்.

2019-க்குப் பின் மாறியது

மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் வழியே சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவு 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. சிறார் ஒருவர் வாகனம் ஓட்டிக் குற்றம் இழைத்தால், அவருடைய பாதுகாவலரோ வாகன உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவார். மூன்று ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்க இப்பிரிவு வகை செய்கிறது. வாகனத்தின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்து செய்யப்படும்.

இப்பிரிவில் இரு கூறுகள் பெற்றோர் கவனத்துக்குரியவை. முதலாவது, மெய்ப்பிக்கும் பொறுப்பு. சிறார் வாகனத்தை எடுத்துச் சென்றது பெற்றோரின் அல்லது உரிமையாளரின் சம்மதத்துடனேயே என்று நீதிமன்றம் அனுமானிக்கும். தமக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தடுக்க உரிய முயற்சி எடுத்தோம் என்றோ அவர்கள்தாம் நிறுவ வேண்டும். நாள்தோறும் பள்ளிக்கு ஸ்கூட்டரில் செல்லும் மாணவரின் பெற்றோர், தமக்குத் தெரியாது என்று கூறுவது எளிதன்று.

இரண்டாவது, மாணவருக்கு நேரும் விளைவு. அவர் 25 வயது நிறைவடையும் வரை ஓட்டுநர் உரிமமோ பழகுநர் உரிமமோ பெற இயலாது. படிப்பை முடித்து வேலை தேடும் ஏழெட்டு ஆண்டுகளில் உரிமம் இல்லாமை, ஓட்டுநர் பணி, பொருள் விநியோகப் பணி, வெளியிடங்களுக்குச் செல்ல வேண்டிய விற்பனைப் பணி முதலியவற்றின் வாய்ப்பை அடைத்துவிடும்.

காப்பீட்டிலும் சிக்கல் உண்டு. உரிமம் இல்லாதவர் ஓட்டிய வாகனம் விபத்தில் சிக்கினால், பாதிக்கப்பட்ட மூன்றாம் நபருக்கு இழப்பீட்டைச் செலுத்திவிட்டு அத்தொகையை வாகன உரிமையாளரிடமிருந்து திரும்பப் பெறக் காப்பீட்டு நிறுவனத்துக்கு நீதிமன்றங்கள் அனுமதி அளித்து வந்துள்ளன. சிறார் ஓட்டிய மோட்டார் சைக்கிள் தொடர்பான ஒரு வழக்கில் 2011-இல் உச்ச நீதிமன்றமும் இந்த நிலைப்பாட்டை ஏற்றது. அதாவது பல லட்ச ரூபாய் இழப்பீடு இறுதியில் குடும்பத்தின் தலையிலேயே விழக்கூடும்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-இல் நாட்டில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களில் 18 வயதுக்குட்பட்டோர் 9,500-க்கும் மேற்பட்டோர். நடந்து சென்றவர்கள், பின்னிருக்கையில் அமர்ந்து சென்றவர்கள் ஆகியோரும் இவ்வெண்ணிக்கையில் அடங்குவர். அதே ஆண்டில் தலைக்கவசம் அணியாததால் உயிரிழந்தோர் 50,029 பேர் என்றும் அவ்வறிக்கை தெரிவிக்கிறது. 2024 மே மாதம் புணேயில் 17 வயதுச் சிறுவன் ஓட்டிய கார் மோதி இரு இளம் பொறியாளர்கள் உயிரிழந்த நிகழ்வு, சிறார் கையில் வாகனத்தை ஒப்படைப்பது குறித்த விவாதத்தை நாடெங்கும் எழுப்பியது.

பேட்டரி ஸ்கூட்டர்களின் நிலை

அண்மை ஆண்டுகளில் பள்ளி வாயில்களில் புதிதாகக் காணப்படுபவை பேட்டரியில் இயங்கும் சிறிய ஸ்கூட்டர்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் திறன் 250 வாட்டுக்கும், அதிகபட்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவாக இருந்து, எடை உள்ளிட்ட ஏனைய நிபந்தனைகளையும் நிறைவு செய்து, உரிய சோதனை முகமையின் ஒப்புதலையும் பெற்ற வாகனம் மோட்டார் வாகனமாகக் கருதப்படுவதில்லை. அதற்குப் பதிவு எண்ணோ ஓட்டுநர் உரிமமோ தேவையில்லை.

எனவே மாணவர் ஒருவர் அத்தகைய வண்டியில் வருவது சட்ட மீறல் ஆகாது. எனினும் பேட்டரியில் ஓடுபவை அனைத்தும் இந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. பதிவு எண் பெற்று வேகமாக ஓடும் மின் ஸ்கூட்டர்களுக்குப் பெட்ரோல் வண்டிகளைப் போலவே உரிமம் தேவை. குறைவேக வண்டியின் வேகக் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டால் அதுவும் விலக்கை இழந்துவிடும். நிறுத்துமிட அனுமதி வழங்கும் பள்ளி, வண்டியின் ஒப்புதல் ஆவணத்தைப் பார்த்த பின்னரே அனுமதிப்பது முறையாகும். சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் இந்த வண்டிகளில் வருவோரும் தலைக்கவசம் அணிய வேண்டும் எனப் பள்ளி விதி வகுக்கலாம்.

தடை மட்டும் போதுமா?

சட்டப்படி பார்த்தால் விடை எளிது. உரிமம் இல்லாதவருக்கு இடமில்லை என்று கூறிவிடலாம். பல பள்ளிகள் இத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. அதன் விளைவே அடுத்த தெருவில் நிற்கும் ஸ்கூட்டர்கள். வாகனம் குறைவதில்லை, பள்ளியின் பார்வையிலிருந்து மறைகிறது. தடை ஆவணத்தில் இருப்பதால் தன் கடமை முடிந்ததாகப் பள்ளி கருதுகிறது. மாணவரோ தலைக்கவசமின்றி, ஒரே வண்டியில் மூவராக, குறுக்குத் தெருக்கள் வழியே வந்துகொண்டே இருக்கிறார்.

தடையின் சுமை எல்லா மாணவர்கள் மீதும் ஒரே அளவில் விழுவதும் இல்லை. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் 2010-இல் வகுக்கப்பட்ட மத்திய விதிகளின்படி ஐந்தாம் வகுப்பு வரை ஒரு கிலோமீட்டருக்குள்ளும், எட்டாம் வகுப்பு வரை மூன்று கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி அமைய வேண்டும். அதற்கு மேல் தொலைவு கூடுகிறது. இடைநிலைக் கல்வித் திட்டத்தின் அளவுகோலே உயர்நிலைப் பள்ளிக்கு ஐந்து கிலோமீட்டர், மேல்நிலைப் பள்ளிக்கு ஏழு முதல் பத்து கிலோமீட்டர் என்பதாகும். எட்டு கிலோமீட்டர் தொலைவில் வசித்து, காலையில் உரிய நேரத்தில் பேருந்து இல்லாத மாணவிக்கு, வீட்டு ஸ்கூட்டரைத் தடுப்பது பள்ளிப் படிப்பையே தடுப்பதாக முடியலாம்.

இது வெறும் அச்சமன்று. பயண வசதி கிடைத்தபோது என்ன நிகழ்ந்தது என்பதற்குப் பிகார் சான்றளிக்கிறது. அம்மாநில அரசு 2006-இல் ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவியருக்கு மிதிவண்டி வாங்க 2,000 ரூபாய் வழங்கத் தொடங்கியது. பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் இத்திட்டத்தை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், உயர்நிலைக் கல்வியில் மாணவியர் சேர்க்கை 32 விழுக்காடு உயர்ந்ததாகவும், மாணவர் - மாணவியர் இடையிலான சேர்க்கை இடைவெளி 40 விழுக்காடு குறைந்ததாகவும் கண்டறிந்தனர். பள்ளி தொலைவில் இருந்த கிராமங்களிலேயே இம்மாற்றம் மிகுதியாகக் காணப்பட்டது. சாலையும் பள்ளியும் முன்பே இருந்தன. அங்கே செல்ல ஒரு வழி மட்டுமே குறைவாக இருந்தது.

மேற்கு வங்கத்தில் 2015-இல் தொடங்கிய 'சபுஜ் சாத்தி' திட்டம், ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளின் மாணவ மாணவியருக்கு மிதிவண்டி வழங்குகிறது. தமிழகத்திலும் விலையில்லா மிதிவண்டித் திட்டம் நீண்ட காலமாகச் செயல்படுகிறது. மிதிவண்டி வழங்குவதும், மிதிவண்டியிலும் நடந்தும் குழுவாகப் பள்ளிக்குச் செல்ல ஏற்பாடு செய்வதும் மாணவியரின் பங்கேற்பை உயர்த்துவதில் சிறந்த பயன் தருவதாக 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் குறிப்பிடுகிறது. ஆனால் அரசு வழங்கிய மிதிவண்டியைக் கூரையின்றி வெயிலிலும் மழையிலும் நிறுத்த நேர்ந்தால், டயரும் இருக்கையும் விரைவில் பழுதாகிவிடும். நிறுத்துமிடம் இல்லாத பள்ளியில் மிதிவண்டித் திட்டத்தின் பயன் பாதியாகிவிடுகிறது.

இடத்தின் கணக்கு

மத்திய இடைநிலைக் கல்வி வாரியம், பள்ளிகளுக்கு இணைப்பு வழங்கப் பொதுவாக 8,000 சதுர மீட்டர் நிலத்தை அளவுகோலாகக் கொண்டுள்ளது. பெருநகரங்களுக்கு இதைவிடக் குறைந்த பரப்பை ஏற்கிறது. வகுப்பறை, ஆய்வகம், திடல் போக மிஞ்சும் இடமே வாகனங்களுக்குக் கிடைக்கும். அதை எந்த வாகனம் எவ்வளவு பிடிக்கிறது என்பதைப் பார்ப்போம்.

தில்லி பெருந்திட்டம் 2021, திறந்தவெளியில் ஒரு காருக்கு 23 சதுர மீட்டர் எனக் கணக்கிடுகிறது. வந்து திரும்பும் வழியும் இதில் அடங்கும். ஒரு ஸ்கூட்டருக்கு நிறுத்துமிடமும் வழியும் சேர்த்து ஏறத்தாழ மூன்றரை சதுர மீட்டரும், முறையாக அடுக்கிய மிதிவண்டிக்கு ஏறத்தாழ இரண்டு சதுர மீட்டரும் போதும் என வைத்துக்கொள்ளலாம். ஒரு கார் நிற்கும் இடத்தில் ஆறு ஸ்கூட்டர்கள் அல்லது பதினொரு மிதிவண்டிகள் நிற்கும்.

விளக்கத்துக்காக, 4,000 சதுர மீட்டர் வளாகமும் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆயிரம் மாணவர்களும் உள்ள ஒரு பள்ளியை எண்ணிக்கொள்வோம். 200 மிதிவண்டிகள், மாணவர்களின் 100 ஸ்கூட்டர்கள், ஆசிரியர்களின் 30 ஸ்கூட்டர்கள், 20 கார்கள் எனக் கொண்டால், மிதிவண்டிகளுக்கு 400 சதுர மீட்டரும், ஸ்கூட்டர்களுக்கு 455 சதுர மீட்டரும், கார்களுக்கு 460 சதுர மீட்டரும் தேவைப்படும். மொத்தம் 1,315 சதுர மீட்டர். அது வளாகத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. இருபது கார்கள் இருநூறு மிதிவண்டிகளைவிட அதிக இடத்தைப் பிடிப்பதை இங்குக் காணலாம்.

இப்போது அந்த 100 ஸ்கூட்டர்களில் 10 மட்டுமே உரிமம் பெற்ற மாணவர்களுடையவை எனக் கொள்வோம். எஞ்சிய 90 பேரில் 40 பேர் மிதிவண்டிக்கும் 50 பேர் பேருந்துக்கும் மாறினால், ஆசிரியர்கள் சேர்ந்து பயணிப்பதாலோ அருகிலுள்ள இடத்தில் நிறுத்துவதாலோ கார்கள் பத்தாகக் குறைந்தால், தேவைப்படும் இடம் 850 சதுர மீட்டராகிறது. மிச்சமாகும் 465 சதுர மீட்டர், 420 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு கூடைப்பந்து ஆடுகளத்தைவிடப் பெரிது. ஓர் அடி நிலம்கூட வாங்காமல் கிடைக்கும் இடம் இது. ஆனால் அந்த 50 பேருக்குப் பேருந்து கிடைத்தால்தான் இக்கணக்கு நிறைவேறும்.

முதல் பணி: எண்ணிப் பார்த்தல்

பெரும்பாலான பள்ளிகளில் எத்தனை மாணவர்கள் எந்த வாகனத்தில் வருகின்றனர் என்ற பதிவு இருப்பதில்லை. ஒரு வாரம் காலை நேரத்தில் வளாகத்திலும் சுற்றியுள்ள தெருக்களிலும் நிற்கும் வாகனங்களை வகை பிரித்து எண்ண வேண்டும். அடுத்து, சேர்க்கைப் பதிவேட்டில் உள்ள முகவரிகளைப் பகுதி வாரியாகப் பிரித்து, எத்தனை பேர் மூன்று கிலோமீட்டருக்குள், எத்தனை பேர் அதற்கு அப்பால், எந்தத் திசையிலிருந்து வருகின்றனர் எனப் பட்டியலிட வேண்டும்.

இந்தக் கணக்கெடுப்பைத் தண்டிக்கும் நோக்கில் நடத்தினால் உண்மை வெளிவராது. வண்டியில் வருபவர்களின் பெயரைக் கேட்டால் அனைவரும் நடந்து வருவதாகவே கூறுவர். பெயர் குறிப்பிடாத படிவத்தில், எப்படி வருகிறீர்கள், எவ்வளவு நேரமாகிறது, பேருந்து இருந்தால் வருவீர்களா, மிதிவண்டியில் வர எது தடை என்ற நான்கு வினாக்கள் போதும். கிடைக்கும் விடைகள் பல நேரங்களில் நிர்வாகம் எதிர்பாராதவையாக இருக்கும். கடைசி வகுப்பு முடிவதற்கு ஐந்து நிமிடம் முன்பே பேருந்து புறப்பட்டுவிடுவதோ, மேம்பாலத்தின் கீழ் மிதிவண்டியில் கடக்க வழியில்லாததோ உண்மைக் காரணமாக இருக்கக்கூடும்.

மிதிவண்டிக்கு முதல் இடம்

மூன்று கிலோமீட்டருக்குள் வசிப்போருக்கு மிதிவண்டி ஏற்றது. ஆனால் பல பள்ளிகளில் அதற்கு ஒதுக்கப்படுவது கழிப்பறைக்குப் பின்னாலுள்ள மூலை. வாயிலுக்கு அருகில், கூரையுடன், சக்கரத்தைப் பொருத்திப் பூட்டக்கூடிய கம்பிச் சட்டங்களுடன் நிறுத்துமிடம் அமைத்தால், வண்டிகள் சாய்ந்து ஒன்றோடொன்று சிக்குவது குறையும். அதே இடத்தில் கூடுதல் வண்டிகள் நிற்கும். எண் வில்லை முறையும், காற்றடிக்கும் பம்பும், பழுது நீக்குபவர் வாரம் ஒருமுறை வந்து செல்லும் ஏற்பாடும் அதிகச் செலவு வைப்பவை அல்ல.

மிதிவண்டியும் நடந்து செல்வோரும் ஒரு வாயிலிலும், மோட்டார் வாகனங்கள் வேறொரு வாயிலிலும் செல்வது பாதுகாப்பானது. ஒரே வாயில் உள்ள பள்ளிகளில் நேரத்தைப் பிரிக்கலாம். வகுப்பு முடிந்த முதல் பத்து நிமிடங்கள் எந்த மோட்டார் வாகனமும் நகரக் கூடாது என்ற விதியைக் காவலாளி ஒருவரே நடைமுறைப்படுத்திவிடலாம்.

பேருந்து நேரமும் பள்ளி நேரமும்

தில்லியில் 2019 முதலும், கர்நாடகத்திலும் தெலங்கானாவிலும் 2023 முதலும் அரசுப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கின்றனர். தமிழகத்தில் பள்ளி மாணவர்களுக்குக் கட்டணமில்லாப் பயண அட்டை வழங்கப்படுகிறது. வேறு சில மாநிலங்களில் சலுகைக் கட்டண அட்டை உண்டு. அங்கெல்லாம் கட்டணத்தைவிட நேரமே தடையாக இருக்கிறது. பள்ளி மணியும் பேருந்தும் ஒத்துப்போவதில்லை.

இங்கே கணக்கெடுப்பு பயன்படும். பேருந்து வேண்டும் என்ற பொதுவான கோரிக்கையைவிட, குறிப்பிட்ட வழித்தடத்தில் காலை எட்டு மணிக்கு இத்தனை மாணவர்கள் ஏறுவார்கள் என்ற பட்டியல் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்கு முடிவெடுக்க உதவும். ஒரே பகுதியிலுள்ள இரண்டு மூன்று பள்ளிகள் சேர்ந்து விண்ணப்பித்தால் எண்ணிக்கை கூடும். புதிய பேருந்து இயக்க இயலாவிடில், இருக்கும் பேருந்தைப் பதினைந்து நிமிடம் மாற்றக் கோரலாம். அதுவும் இயலாவிடில் பள்ளி தன் தொடக்க நேரத்தை மாற்றிக்கொள்ளலாம்.

பள்ளிப் பேருந்து அமர்த்துவோர் விதிகளை மறக்கலாகாது. 1997 நவம்பரில் தில்லியில் பள்ளிப் பேருந்து யமுனையில் கவிழ்ந்து மாணவர்கள் பலர் இறந்தனர். அதையடுத்து உச்ச நீதிமன்றம் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, பயிற்சி பெற்ற உதவியாளர் உள்ளிட்டவற்றை வலியுறுத்தும் நெறிகளை வகுத்தது. ஸ்கூட்டரைத் தவிர்க்க, அளவுக்கு மீறி மாணவர்களை ஏற்றும் ஆட்டோவையோ வேனையோ நாடுவது ஓர் ஆபத்துக்கு மாற்றாக மற்றோர் ஆபத்தைத் தேடுவதாகும்.

உரிமம் பெற்றோருக்கு அனுமதி முறை

18 வயது நிறைவடைந்து உரிமம் பெற்ற மாணவர்களுக்கு இடம் மறுக்கச் சட்டப்படிக் காரணமில்லை. ஆயினும் இடம் குறைவாக இருப்பின் முன்னுரிமை வகுக்க வேண்டும். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு முதலிடம் தர வேண்டும். அவர்கள் நிறுத்துமிடத்திலிருந்து வகுப்பறைவரை தடையின்றிச் செல்வதற்கான வசதியைச் செய்து தருவது, 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி கல்வி நிறுவனங்களின் கடமையாகும். அடுத்து, பேருந்து இல்லாத தொலைவிலிருந்து வருவோர். அதன்பின் ஒரே வண்டியில் இருவராக வருவோர் என வரிசைப்படுத்தலாம்.

ஓட்டுநர் உரிமம், பதிவுச் சான்று, நடப்பில் உள்ள காப்பீடு, பெற்றோரின் ஒப்புதல் கடிதம் ஆகியவற்றைப் பார்த்த பின் பருவத்துக்கு ஒருமுறை அனுமதி வில்லை வழங்கலாம். சட்டத்தின் 129-ஆவது பிரிவு, நான்கு வயதுக்கு மேற்பட்ட அனைவரும் இருசக்கர வாகனத்தில் தலைக்கவசம் அணிய வேண்டும் என்கிறது. பின்னால் அமர்ந்து வரும் மாணவருக்கும், பெற்றோர் அழைத்து வரும் மாணவருக்கும் இது பொருந்தும். தலைக்கவசத்தை வைக்க இடமில்லாததால் அணியாமல் வருவதாகக் கூறும் மாணவர்கள் உண்டு. நிறுத்துமிடத்தில் பூட்டுடன் கூடிய ஒரு நீண்ட தட்டு அந்தக் காரணத்தை நீக்கிவிடும்.

ஆசிரியர், பெற்றோரின் பங்கு

மாணவர்களிடம் மட்டும் மாற்றத்தை எதிர்பார்ப்பது நியாயமாகாது. மேலே கண்ட கணக்கில் கார்களே மிகுதியான இடத்தைப் பிடிக்கின்றன. வார நாள்களில் காலியாக இருக்கும் அருகிலுள்ள திருமண மண்டபம், சமுதாயக் கூடம் ஆகியவற்றின் நிறுத்துமிடத்தைப் பள்ளி நேரத்துக்கு மட்டும் ஆசிரியர்களின் கார்களுக்காகக் கேட்டுப் பெறலாம். பெற்றோரின் கார்கள் வாயிலுக்கே வராமல், இருநூறு முந்நூறு மீட்டர் தள்ளி ஓரிடத்தில் மாணவர்களை இறக்கிவிட, அங்கிருந்து அவர்கள் குழுவாக நடந்து வரலாம்.

2006-ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, வாகனங்களை நகர்த்துவதைவிட மக்களை நகர்த்துவதில் கவனம் செலுத்த வேண்டும் என்று கூறியது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் 16 வயதிலேயே கார் ஓட்ட உரிமம் கிடைப்பதால், அங்குள்ள உயர்நிலைப் பள்ளிகள் பெரிய நிறுத்துமிடங்களை அமைத்துள்ளன. இலவச நிறுத்துமிடம் மேலும் வாகனங்களையே வரவழைக்கும் என்று அந்நாட்டு அறிஞர் டொனால்டு ஷூப் 2005-இல் வெளியிட்ட நூலில் விரிவாக வாதிட்டார். நிலம் குறைவாகவும் மாணவர் எண்ணிக்கை மிகுதியாகவும் உள்ள இந்தியப் பள்ளிகளுக்கு அந்த எச்சரிக்கை இன்னும் நன்றாகப் பொருந்தும்.

யார் தொடங்குவது?

பள்ளி மேலாண்மைக் குழுக்களில் பெற்றோர் பெரும்பான்மையினராக இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டம் கூறுகிறது. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கும் இதையொத்த மேலாண்மை, மேம்பாட்டுக் குழுக்கள் உள்ளன. வாகன நிறுத்தத்தை அக்குழுவின் கூட்டத்தில் ஒரு பொருளாகச் சேர்க்கப் பெற்றோர் கோரலாம். தனியார் பள்ளிகளில் பெற்றோர் - ஆசிரியர் கழகம் இதை எடுத்துக்கொள்ளலாம்.

வரிசை முக்கியமானது. முதலில் கணக்கெடுப்பு, அடுத்து பேருந்து நேர மாற்றத்துக்கான விண்ணப்பமும் மிதிவண்டி நிறுத்துமிடமும், அதன்பின் ஒரு தேதியை முன்கூட்டியே அறிவித்து உரிமமில்லா வாகனங்களுக்கு முழுத் தடை என்று செல்ல வேண்டும். தடை நடைமுறைக்கு வரும் நாளில் சுற்றியுள்ள தெருக்களையும் கண்காணிக்கப் போக்குவரத்துக் காவலரின் உதவியைக் கோரலாம். இடைப்பட்ட காலத்தில் 199ஏ பிரிவின் விளைவுகளைப் பெற்றோருக்கு அவர்களுடைய மொழியிலேயே ஒரு பக்கக் கடிதமாக அனுப்பி, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கலாம்.

ஓராண்டில் இப்பணிகள் நிறைவேறினால், தடைக்குப் பின் எத்தனை மாணவர்கள் பள்ளிக்கு வருவதைக் குறைத்துக்கொண்டனர் என்பதையும் பள்ளி வருகைப் பதிவேட்டில் பார்க்க வேண்டும். குறிப்பாகத் தொலைவிலிருந்து வரும் மாணவியரின் வருகை குறைந்திருந்தால், அவர்களுக்கான பயண ஏற்பாடு இன்னும் நிறைவடையவில்லை என்றே கொள்ள வேண்டும்.